பதில்: லயத்துக்குப் பின்னால் வெடிப்பு, சீமெந்து பூசலாமா?

பதுளையில் உங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்மேட்டில் விரல் நுழையும் அளவு வெடிப்பு விழுந்திருக்கிறது, சீமெந்து பூசினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சீமெந்து வெடிப்பை மறைக்கும். மண் நகர்வதை நிறுத்தாது. மழை ஓய்ந்த நேரத்தில் களிமண் இட்டு இறுக்கி, மேலே பொலித்தீன் விரித்துத் தண்ணீர் இறங்காமல் செய்யுங்கள். இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை அளந்து வையுங்கள். இடைவெளி கூடினால் அன்றே வெளியேறுங்கள். மலையிலிருந்து வரும் பீலித் (ஊற்றுக் குழாய்) தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ நின்றுபோனாலோ அளந்துகொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

மழையை அளக்க நேர்ச்சுவர் உள்ள டின் ஒன்று போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம். 100 தாண்டினால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அனுப்பிவிடுங்கள். 150 ஆனால் ஒருவரும் அங்கே இருக்கக் கூடாது. மழை விட்ட கையோடு திரும்பாதீர்கள். ஊறிய மண் பிறகும் சரியும்.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014 அக்டோபர் 29 காலையில் மண்சரிவில் புதைந்தன. அதுவும் முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தான். தோட்டத்து நிர்வாகம் மாற்று வீடு தரும்வரை காத்திருப்பதெல்லாம் வீண்பேச்சு. கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.