‘ஸ்கிராப்பி’ என்றால் பாராட்டா, குறையா?

இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: வலயமட்டக் கரப்பந்தாட்டத்தில் எங்கள் பாடசாலை அணி இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றது. பாதிப்பேருக்குச் சப்பாத்து இல்லை; ஆனாலும் பெரிய பாடசாலைகளைக் கடைசிச் சுற்று வரை இழுத்தடித்தார்கள். பாடசாலைச் சஞ்சிகைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அ ஸ்கிராப்பி டீம்’ என்று போட்டேன். ஆங்கில ஆசிரியர் அதை வெட்டி, ‘ஒழுங்கில்லாத அணி என்று அர்த்தம் வரும்’ என்றார். கைப்பேசி அகராதியோ ‘விடாமல் போராடுகிற’ என்கிறது. எது சரி? சுயவிபரக் கோவையில் என்னைப் பற்றியும் இந்தச் சொல்லைப் போடலாமா?

பதில்: இரண்டும் சரிதான். அகராதி காட்டியது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. ஆசிரியர் சொன்னது பிரித்தானிய வழக்கு. எங்கள் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானியாவை ஒட்டியே வந்தது என்பதால் அவருடைய சிவப்புப் பேனைக்கு நியாயம் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், ‘ஸ்கிராப்’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்குத் துண்டு, துணுக்கு, கழிவு என்று பொருள். பழைய இரும்புக்காரர் வாங்கிப்போவது இந்த ஸ்கிராப்பைத்தான். மற்றது பேச்சுவழக்கில் கைகலப்பு, சின்னச் சண்டை. முதலாவதிலிருந்து வரும் ‘ஸ்கிராப்பி’ துண்டுதுண்டான, கோர்வையில்லாத என்று பொருள்படும். இரண்டாவதிலிருந்து வருவது, ஆள் சின்னனானாலும் மல்லுக்கட்டச் சளைக்காத என்பது.

எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கிற பெயர்ச்சொல் தீர்மானிக்கும். ஆளுக்கு முன்னால் வந்தால் அநேகமாகப் பாராட்டு. ஆட்டத்துக்கோ, கோலுக்கோ, கட்டுரைக்கோ முன்னால் வந்தால் குறை. ‘அ ஸ்கிராப்பி பிளேயர்’ விட்டுக்கொடுக்காத ஆட்டக்காரர். ‘அ ஸ்கிராப்பி கோல்’ என்பது கோல்வாசலில் நாலுபேர் இடிபட்டு, யாருடைய முழங்காலிலோ பட்டு உருண்டு உள்ளே போன கோல். ‘அ ஸ்கிராப்பி எஸ்ஸே’ என்று உங்கள் கொப்பியில் எழுதியிருந்தால் அதைத் திரும்ப எழுத வேண்டும்.

அணி என்பது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற சொல். அதனால்தான் உங்கள் வசனம் அடிபட்டது. பக்கத்தில் ‘அண்டர்டோக்’ என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் பொருள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வெல்லமாட்டார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற தரப்பு என்பதே அதன் பொருள். நாய்ச்சண்டையில் கீழே அகப்பட்ட நாயிலிருந்து பிறந்தாலும் அது ஏச்சு அல்ல; யோசிக்காமல் எழுதலாம். அது பெயர்ச்சொல் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வினையடையில் ஒரு பொறி இருக்கிறது. ‘தே பிளேய்ட் ஸ்கிராப்பிலி’ என்று எழுதினால் பாராட்டு முழுவதும் போய்விடும்; அலங்கோலமாக விளையாடினார்கள் என்றே வாசிப்பார்கள். அந்த இடத்தில் வினைச்சொல்லையே வேலை செய்யவிடுங்கள்: ‘தே ஃபோட் ஃபோர் எவ்ரி பொயின்ட்.’ ஒவ்வொரு புள்ளிக்கும் போராடினார்கள் என்று சொன்ன பிறகு எந்தப் பெயரடையும் தேவைப்படாது.

எழுத்துக்கூட்டலில் ‘பி’ இரண்டு தடவை வரவேண்டும். ஒன்றை விட்டால் ‘ஸ்கிரேப்பி’ என்று வாசிக்க வேண்டிவரும். உச்சரிப்பில் முதல் ‘ஸ்’ விழுந்தால் இன்னும் மோசம். மிஞ்சுவது சபையில் சொல்லக்கூடாத, மலத்தோடு தொடர்புள்ள ஒரு சொல். எங்கள் வாய்க்கு வசதியாக ‘இஸ்கிராப்பி’ என்று சொன்னாலும் பரவாயில்லை, ‘ஸ்’ஸை மட்டும் விழுங்காதீர்கள்.

ஆசிரியர் ‘ப்ளக்கி’ என்று மாற்றச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. பிரித்தானியக் காதுக்கு அதுதான் பழக்கம். ‘ப்ளக்’ என்பது வெட்டிய ஆட்டிலிருந்து இழுத்தெடுக்கிற இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் சேர்ந்த குலை. நாங்கள் பயத்தில் ‘குலை நடுங்குது’ என்கிற அதே குலை. நடுங்காத குலை உள்ளவர் ப்ளக்கி. ஆங்கிலச் சொற்களில் இவ்வளவு சுலபமாகத் தமிழுக்குள் வந்து உட்காருவது அபூர்வம்.

ஆனால் அதற்குள் ஒரு சின்னப் பார்வை ஒளிந்திருக்கிறது. மேலே இருப்பவர் கீழே பார்த்து முதுகில் தட்டுகிற சொல் அது. பிள்ளைகளுக்கும், சிறிய பிராணிகளுக்கும், நன்றாகப் போராடித் தோற்றவர்களுக்கும் பொருந்தும். 1988 இல் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பாய்ச்சலின் இரண்டு தனிநபர் போட்டிகளிலும் கடைசியாக வந்த பிரித்தானியர் எடி எட்வேர்ட்ஸுக்கு அந்தச் சொல் அளந்து தைத்த சட்டை மாதிரி. 1996 மார்ச் 17 இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று உலகக்கிண்ணத்தைத் தூக்கிய இலங்கை அணியை அப்படிச் சொன்னால் அவமதிப்பு. கிண்ணம் கைக்கு வருமுன் அண்டர்டோக் என்றது சரி. வந்த பிறகு ‘ப்ளக்கி’க்கு இடமில்லை. ‘நான் ப்ளக்கி’ என்று தன்னைப் பற்றியே யாரும் சொல்வதுமில்லை. அடங்காப்பற்று என்று பெயர் வாங்கிய வன்னி ஊர்க்காரருக்கு இந்த முதுகுதட்டல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

‘டோகிட்’ என்பது பிடித்த பிடி விடாத. அதை ‘டோக்ட்’ என்று ஒரே அசையாகச் சொன்னால் ‘தொடர்ந்து துரத்திய’ என்ற வேறு சொல்லாகிவிடும். அணியைவிடத் தடுப்பாட்டத்துக்கும் உறுதிக்கும் முன்னால் வருவது அதற்கு அழகு: ‘டோகிட் டிஃபென்ஸ்’. மனத்திடமுள்ள என்ற ‘கிரிட்டி’ நல்ல சொல்தான், ஆனால் சோற்றுக்கு முன்னால் போட்டால் மண் கடிபடுகிறது என்றாகும். தோற்ற அணிக்கு யார் மனமும் நோகாத சொல் ‘ஸ்பிரிட்டட்’, ஊக்கம் குன்றாத என்பது.

சுயவிபரக் கோவைக்கு வருவோம். சில அமெரிக்கப் புதுத் தொழில் நிறுவனங்கள் ‘ஸ்கிராப்பி’யான ஆட்கள் தேவை என்றே விளம்பரம் போடுவதுண்டு, குறைந்த காசில் எப்படியாவது காரியத்தை முடிக்கிறவர் என்று அங்கே அர்த்தம். கிளிநொச்சியில் ஒரு வங்கிக்கோ, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைப் போடாதீர்கள். மனவுறுதியுள்ள என்ற ‘டிட்டேர்மின்ட்’ போதும். இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டுமானால் ‘ரிசோர்ஸ்ஃபுல்’. ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதைக் கவனமாகப் போடுங்கள். விடாப்பிடி என்பதோடு நச்சரிப்பு என்ற வாடையும் அதில் உண்டு.

இன்னொன்று. மீள்குடியேறி, தூர்ந்த கிணற்றை இறைத்து, தகரக் கூரையில் வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள் இங்கே நிறைய. அங்கே ‘ப்ளக்கி’யும் ‘ஸ்கிராப்பி’யும் கூடவே கூடாது, விளையாட்டு மைதானத்துச் சொல் இழவு வீட்டுக்குள் நுழைந்தது போலிருக்கும். வழக்கமாக எழுதுகிற ‘ரிசிலியன்ட்’ (அடிபட்டும் மீண்டெழுகிற) பிழையில்லை, ஆனால் அறிக்கைகளில் தேய்ந்து வெளுத்துப்போன சொல். கிணற்றை இறைத்தார்கள் என்றே எழுதலாம்.

உங்கள் சஞ்சிகை வசனத்தை இப்படி மாற்றி ஆசிரியரிடம் திரும்பக் கொடுங்கள்: ‘வீ வேர் தி அண்டர்டோக்ஸ், பட் அவர் டோகிட் டிஃபென்ஸ் டுக் தி ஃபைனல் டு தி லாஸ்ட் செட்.’ எங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் விடாப்பிடியான தடுப்பாட்டம் இறுதிப்போட்டியைக் கடைசிச் சுற்று வரை கொண்டுபோனது. இறுதிப்போட்டி அதற்கு முன்னமே முடிந்திருந்தால் ‘ஃபைனல்’ இருக்கிற இடத்தில் ‘செமி ஃபைனல்’ என்று போட்டுவிடுங்கள்.