தொலைபேசி எண் எங்கே?

கேள்வி: தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். இணையதளம் தொடங்கிப் பல மாதங்களாகியும் அதைப் பார்த்து ஒருவரும் அழைக்கவில்லை. வடிவமைப்பை மாற்றலாமா?

பதில்: வடிவமைப்பு இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய முகவரியைக் கைபேசியில் திறந்தேன். நகரும் படங்கள், பிறகு 'எங்கள் நோக்கம்', பிறகு 'தரமே தாரக மந்திரம்'. தொலைபேசி எண்ணோ அடியில், ஒரு படத்துக்குள் இருக்கிறது. தொட்டால் அழைப்பு போகவில்லை. பாதி தைத்த துணியில் ஊசி சிக்கித் தவிப்பவருக்கு உங்கள் நோக்கம் எதற்கு? எந்தெந்த இயந்திரங்களைச் சரிசெய்வீர்கள், வீட்டுக்கு வருவீர்களா, எத்தனை நாளாகும், தோராயமாக எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் முதல் திரையிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணை எழுத்தாகப் போட்டு, தொட்டதும் அழைப்பு போகும்படி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரி வேலைதான்.

படங்களை நீங்களே எடுங்கள். தேய்ந்த பாபின் கேஸையும் (அடிநூல் உருளையை வைக்கும் கூடு) புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம், கடன் வாங்கிய பத்துப் படங்களைவிட நம்பிக்கை தரும். 200 கிலோபைட்டுக்குள் சுருக்கி ஏற்றுங்கள்.

இணையதள முகவரி 'எச்டிடிபிஎஸ்' (https) என்று தொடங்குகிறதா? இல்லாவிட்டால், குரோம் உலாவி 2018 முதல் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. அப்படித் தொடங்கத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது.

டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று வடிவமைப்பாளரிடம் இன்றே கேளுங்கள்.