மலையிலிருந்து தனுஷ்கோடிக்கு: டீச்சரிடம் கேட்டவை

கோத்தகிரியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது பறவை பார்ப்பதுதான் வேலை. ஜனவரியில் இங்கே உறைபனி கொட்டும்போது மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு ராமேஸ்வரம் தீவுக்கு இறங்கிவிடுவோம். இந்த வருடம் நம் மலைக்காரர்கள் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். ஆளாளுக்குக் கேட்டதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து: டீச்சர், ஒன்பது வயசிலும் ஐந்து வயசிலும் பிள்ளைகள். கோத்தகிரி லாங்வுட் சோலைக் காட்டில் நன்றாக நடப்பார்கள். தனுஷ்கோடியில் எவ்வளவு தூரம் கூட்டிப்போகலாம்?

சோலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிற பிள்ளை, மணலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. ஏற்றமே இல்லையே என்று நாம் ஏமாந்துபோவோம். அலை தொட்டுவிட்டுப் போன ஈரப் பட்டையில் கால் புதையாது, அதிலேயே நடத்திக் கூட்டிப்போங்கள். ஒதுங்கி உட்கார நிழல் கிடைப்பது அபூர்வம். விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருப்பதால் வண்டியிலேயே போய் அங்கங்கே இறங்கி நடக்கலாம். கோதண்டராமர் கோயில் பக்கம் ஒரு தடவை, பழைய தனுஷ்கோடியில் ஒரு தடவை, முனையில் ஒரு தடவை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த சர்ச்சும் ரயில் நிலையமும் மொட்டைச் சுவர்களாக நிற்கின்றன. பெரியவனுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். பறவையைவிட அதைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருப்பான். என் பேரன் அப்படித்தான்.

ஊட்டியிலிருந்து: பூநாரை (ஃபிளமிங்கோ) கட்டாயம் தெரியுமா? எங்கே நிற்க வேண்டும்?

கட்டாயம் என்று எந்தப் பறவைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல வாய்ப்பு. கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். முதலில் அங்கே பாருங்கள். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்துவிட்டது. அதனால் தண்ணீருக்குள் இறங்கி போட்டோ எடுக்கும் ஆசையை ஊட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தூரத்தில் பார்த்தால் அழுக்கு வெள்ளையாக, துணி காயப்போட்டது மாதிரிதான் இருக்கும். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று என் மருமகன் முதல் வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொறுமையாக இருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, கால்களால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். சில சமயம் தலை நடுவில் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் சுற்றிவரும். நம் ஊரில் மாடு கட்டிய முளையைச் சுற்றுவது போல. கலங்கி வருகிற சின்ன இறால், புழு, பாசியை அலகிலேயே சல்லடை போட்டு வடித்துக்கொள்ளும். அந்தப் பாசியிலும் இறாலிலும் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இளசுகளுக்கு அந்த நிறம் ஏற வருடங்கள் ஆகும், அதுவரை சாம்பலாகவே திரியும்.

ரோஜா நிறமெல்லாம் சிறகு விரிக்கும்போதுதான் தெரியும், ஓரத்தில் மை பூசியது போலக் கறுப்போடு. அதற்காகக் கை தட்டிக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் தின்றதைச் செலவழிக்கிறது. கூட்டம் மொத்தமும் தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால், நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் வாருங்கள்.

கூடலூரிலிருந்து: அப்பாவின் பழைய 10x50 பைனாகுலர் போதுமா?

போதும், ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் கடற்காற்றுக்குக் காட்சி ஆடும். பிள்ளைகள் கையில் இன்னும் ஆடும். எட்டு மடங்கு காட்டுகிற 8x42 கிடைத்தால் நல்லது. கண்ணாடியில் மணலும் உப்பும் படிந்தால் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள். முதலில் ஊதி, அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். என் முதல் கண்ணாடி முழுக்கக் கீறல், தலைப்பின் புண்ணியம்.

கோத்தகிரிக் கல்லூரி மாணவி: அக்கா, சோலையில் நான் பாதிப் பறவையைக் குரலிலேயே சொல்லிவிடுவேன். கடற்கரையிலும் அப்படிச் சொல்ல முடியுமா?

நல்ல கேள்வி கேட்டாய் கண்ணு. நம் மலையில் காதுதான் கண். நீலகிரிச் சிரிப்பான் புதருக்குள் நின்று சிரிக்கும், ஆள் தெரியாது. சீகாரப் பூங்குருவி ஓடைப் பக்கம் விசிலடிக்கும், ஆள் தெரியாது. கடற்கரையில் எல்லாம் வெட்டவெளி. ஐந்நூறு பறவை கண்முன்னே நிற்கும், ஆனால் காற்றும் அலையும் குரலை விழுங்கிவிடும். எனக்கு முதல் இரண்டு வருடம் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

அங்கே நடையைப் பார். உப்புக்கொத்தி நாலடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்தும். உள்ளான் நிற்காமல் தையல் மெஷின் மாதிரி குத்திக்கொண்டே போகும். ஆலா தண்ணீருக்கு மேலே தலை குனிந்து பறந்து, செங்குத்தாக விழும். இந்த மூன்றையும் பிரித்தால் முதல் நாளுக்குப் போதும். உள்ளான்களை வகை பிரிக்கிறேன் என்று புத்தகத்தோடு உட்காராதே, தலைவலிதான் மிஞ்சும்.

பழுப்புத்தலைக் கடற்காகத்தையும் பார். ஜனவரியில் தலை பழுப்பாக இருக்காது. வெள்ளைத் தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்து ஏரிகளிலும் அது முட்டையிடுகிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நம்மைவிடப் பெரிய மலைக்காரன், கடலுக்கு நம்மைப் போலவே குளிர்காலத்தில்தான் வருகிறான்.

மஞ்சூரிலிருந்து: சுற்றியுள்ள சின்னத் தீவுகளுக்குப் படகில் போக முடியுமா?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கரையிறங்கக் கூடாது. 'நான் கூட்டிப்போறேன் சார்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். படகு ஆசை இருந்தால், தொண்டிப் பக்கம் காரங்காட்டில் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

இன்னொருவர், ஊட்டியிலிருந்தே: அங்கே கடலில் குளிக்கலாமா?

முனையில் கூடவே கூடாது, இழுப்பு அதிகம். போகும்போது இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல் என்பார்கள், முதலாவது சாது என்ற கணக்கில். வடகிழக்குக் காற்று வீசும் மாதத்தில் அந்தச் சாதுவும் சீறும். பெயரை நம்பி இறங்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: மாமியாருக்கு 72 வயசு, 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்கிறார். விடிகாலையில் பறவையா, கோயிலா? வீட்டில் சண்டை.

முதல் நாள் கோயில், தகராறே வேண்டாம். மாமியாரை அக்னி தீர்த்தக் கரையில் உட்கார வைத்துவிட்டு அங்கேயே கடற்காகங்களைப் பாருங்கள். சாயங்காலம் மீன் இறங்கும் துறைக்குப் போனால் செம்பருந்துகள் தலைக்கு மேலேயே வட்டமிடும். அவர் 'கருடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார், நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். தனுஷ்கோடி மறுநாள். எங்கள் வீட்டிலும் இதே உடன்படிக்கைதான்.

குன்னூரிலிருந்து மறுபடியும்: ஷூவா, செருப்பா? அட்டைக்கு மூக்குப்பொடி எடுத்துவரவா?

அட்டை கிடையாது, மூக்குப்பொடி வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் ரோட்டோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். மணலில் செருப்பு, மற்ற இடத்தில் ஷூ. ஊசி ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.