பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் ஊர்கிறது, ஏன்?

சர்வருக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பாக்கெட்) போகிறது, பெரிய ஃபைல் அனுப்பினால் மட்டும் மெதுவாகிறது என்று கேட்கிறீர்கள். யூனிக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டை 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகலாம்) என்று கையால் செட் செய்ததாகவும் சொல்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். அப்படிப் பூட்டிய கார்டு ஆட்டோ நெகோசியேஷனில் (வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் இரு முனைகளும் தாமே பேசி முடிவு செய்வது) பொதுவாகக் கலந்துகொள்ளாது. ஆட்டோவில் இருக்கும் சுவிட்ச், சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாததால் ஹாஃப் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) என்று வைத்துக்கொள்ளும். சுவிட்சைக் குறை சொல்ல முடியாது, விதியே அதுதான்.

ஒன்றிரண்டு பிங் பாக்கெட்டுகள் தப்பித்துவிடும். இரு திசையிலும் டேட்டா பாயும்போதுதான் மோதல். சுவிட்ச் போர்ட்டில் லேட் கொலிஷன் (தாமதமாக நிகழும் மோதல்), சர்வர் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) இரண்டின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸ் என்றால் ஈத்டூல் கட்டளை வேகம், டூப்ளெக்ஸ் இரண்டையும் காட்டும்.

இரு முனையையும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். (ஜிகாபிட் காப்பர் இணைப்பில் அது எப்படியும் கட்டாயம்.) கான்ஃபிக் ஃபைலில் அந்தப் பழைய செட்டிங் இருந்தால் நீக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் திரும்பவும் வரும்.