அட்சரேகை ஏன் இரண்டு துண்டாக வருகிறது?

கேள்வி: பாம்பனில் எங்கள் விசைப்படகுக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டில் ஜிபிஎஸ் திரை செய்கிறேன். மெமரி மிச்சமாகட்டும் என்று சி மொழியில் அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப்பை நானே எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பாகையை 10000000-ஆல் பெருக்கிய லாங் எண்கள். இரண்டுக்கும் %டி (இன்ட் எண்ணுக்கான குறி) போட்டு அச்சிட்டால் 11488, 1417 என்று வருகிறது. லேப்டாப்பில் அதே கோடு சரியாக ஓடுகிறது. ஜிபிஎஸ் கோளாறா?

பதில்: ஜிபிஎஸ் மேல் பழி போடாதீர்கள் தம்பி. 1417-ஐ 65536-ஆல் பெருக்கி 11488-ஐக் கூட்டுங்கள்: 92876000. அதாவது 9.2876 பாகை, பாம்பன் பக்கம்தான். இரண்டாவதாக வந்தது தீர்க்கரேகையே இல்லை, அட்சரேகையின் மேல்பாதி!

ஊனோவில் முழு எண் வகைகளில் இன்ட் 16 பிட், லாங் 32 பிட். பிரின்ட்எஃப் மாதிரி, எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷனுக்குள் மதிப்புகள் மட்டும்தான் போகும். எது எந்த வகை என்ற தகவல் போகாது. பெயர் எழுதாத மீன்பெட்டிகளை வரிசையாக இறக்கிவிட்டு, கையிலிருக்கும் சீட்டை மட்டும் பார்த்து ஏலம் விடுவது போல. இங்கே சீட்டு உங்கள் ஃபார்மட் வரி. %டி என்றதும், அடுத்த மதிப்பை எடுத்துத் தரும் வா_ஆர்க் ஒரு இன்ட் அளவுக்கு இரண்டு பைட் எடுத்து நகர்ந்தது. மிச்ச இரண்டு பைட் அடுத்த %டி-யிடம் மாட்டியது. 64 பிட் லேப்டாப்பில் ஒவ்வொரு மதிப்புக்கும் தனி இடம் 64 பிட் அகலத்தில் கிடைப்பதால் தப்பு மறைந்துகொண்டது.

%-க்குப் பின் எல் வந்தால் குறித்துவைத்து, டி வரும்போது வா_ஆர்க்கில் லாங் கேளுங்கள், இல்லையேல் இன்ட். அழைக்கும் இடத்தில் %எல்டி என்று மாற்றுங்கள். அதற்கு வெறும் 5 அனுப்பினால் மறுபடி இரண்டு பைட்தான் போகும். 5எல் என்று எழுதுங்கள். செயற்கைக்கோள் எண்ணிக்கை ஒரு பைட்தானே என்று வா_ஆர்க்கில் கேரக்டர் கேட்காதீர்கள். கேரக்டரும் ஷார்ட்டும் அழைக்கும்போதே இன்ட் ஆகிவிடும், ஃப்ளோட் டபுள் ஆகிவிடும். உங்கள் ஃபங்ஷன் அறிவிப்பில் ஜிசிசி கம்பைலரின் ஃபார்மட் ஆட்ரிபியூட்டையும் சேர்த்து வார்னிங்கை முழுக்கத் திறந்துவிடுங்கள். இந்தப் பிழையைக் கம்பைல் செய்யும்போதே சொல்லியிருக்கும்.

கேட்காத ஒன்று. 10000000-ஆல் வகுத்து, புள்ளி வைத்து, மீதியை அப்படியே அச்சிட்டால் 9.0512000 என்பது 9.512000 ஆகிவிடும். 27 கடல் மைலுக்கு மேல் பிசகு: படகு தென்கடலில் வலை விட்டிருக்க, திரை அதை வடகடலில் காட்டும். மீதிக்கு முன்னால் பூஜ்ஜியம் நிரப்பி ஏழு இலக்கம் ஆக்குங்கள். கழித்தல் குறியைப் பற்றி நம் கடலில் கவலையில்லை.