காடு வேண்டாம், வீதி போதும்

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 64, ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். லெவோடோப்பாக் குளிசை நாளுக்கு நான்கு வேளை எடுக்கிறார். வலது கை நடுங்குகிறது. சில வேளைகளில் குசினி வாசலில் கால்கள் நிலத்தோடு ஒட்டியதுபோல நின்றுவிடுகிறார். 2009 இல் எங்கள் மகன் உயிரோடு திரும்பினால் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு இருவரும் நடந்து வருவதாக நேர்ந்திருந்தோம். மகன் வந்தான், நாங்கள்தான் போகவில்லை. கால் முற்றாக நிற்பதற்கு முன் போய்விட வேண்டும் என்று இப்போது அவர் நிற்கிறார். கனடாவிலுள்ள மகனோ, "அப்பாவைக் காட்டுக்குள்ள விட்டிட்டு வரப்போறீங்களோ?" என்று தொலைபேசியில் கோபிக்கிறான். நடை நோயைக் கூட்டுமா? நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? கால் நிற்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் ஏசுகிறார். வேறு என்ன செய்வது?
– வாசகி, வடமராட்சி

பதில்: நடை பார்க்கின்சன் நோயைக் கூட்டாது, அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். மூளையின் அடிப்பகுதியில் உடலசைவுக்குத் தேவையான டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிவதால் வரும் நோய் இது. கால்களைப் பயன்படுத்துவதால் அந்தக் கலங்கள் விரைந்து அழிவதில்லை. நடக்காமல் கதிரையிலேயே இருப்பவருக்குத்தான் தசை இறுகி, சமநிலை குறைந்து, விழும் நாள் சீக்கிரம் வருகிறது. 2018 இல் அமெரிக்காவில் 128 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வொன்று வெளியாயிற்று. நடைப்பொறியில் மூச்சு வாங்கும் வேகத்தில் கிழமைக்குப் பல நாள் நடந்தவர்களின் அசைவுக் குறைபாடு ஆறு மாதத்தில் ஏறக்குறைய இருந்தபடியே இருக்க, வழமைபோல் இருந்தவர்களுடையது சற்றுக் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் நோய் கண்டறியப்பட்டு இன்னும் மருந்தே தொடங்காதவர்கள். மருந்தில் மூன்று ஆண்டு கடந்த உங்கள் கணவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. நடந்தால் நோயே மாறிவிடும் என்று மடத்தில் யாராவது சொன்னால் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நேரத்துக்குக் குளிசையைக் கொடுங்கள்.

அடுத்தது பயணம். தொண்டைமானாற்றங்கரையில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழையும் இந்த யாத்திரை 500 கிலோமீற்றருக்கும் கூடியது. முழுவதும் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் போய்விடும். அதைத் தொடர்ச்சியாக நடக்க உங்கள் கணவரால் முடியாது என்றே நான் நினைக்கிறேன். உகந்தையிலிருந்து குமுக்கன் ஆற்றைக் கடந்து கதிர்காமம் வரையுள்ள காட்டுப் பகுதியை இந்த ஆண்டு வேண்டாம் என்றே சொல்கிறேன். அங்கே ஐந்து நாள் அளவில் மணலிலும் முட்புதரிலும் நடக்க வேண்டும். தண்ணீரைச் சுமக்க வேண்டும். யானை நடமாட்டம் உண்டு. இடையில் மனம் மாறினால் ஏறிவர பஸ் வீதி கிடையாது. நடுக்காட்டில் ஒரு மனிதரின் கால் நின்றுவிட்டால் கூட்டம் காத்திருக்கலாம், ஆனால் குளிசையின் நேரமும் வெயிலும் காத்திருக்கமாட்டா. உங்கள் மகனின் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

வீதி வேறு. சந்நிதியில் கும்பிட்டுவிட்டு முதல் மூன்று நாள் மற்றவர்களோடு நடவுங்கள். பிறகு பஸ்ஸில் பொத்துவிலுக்குப் போய், அங்கிருந்து பாணமை வழியாக உகந்தை வரை நாளுக்குக் கொஞ்சமாக நடவுங்கள். பாணமைக்கு அப்பால் விடிந்தபின், கூட்டத்தோடு மட்டும். உகந்தையிலிருந்து திரும்பி, மொனராகலை, புத்தல வழியாக வாகனத்தில் கதிர்காமப் பக்கம் போய், செல்லக்கதிர்காமத்தில் இறங்கி மாணிக்க கங்கைப் பக்கமாகக் கடைசித் துண்டை நடந்து முடிக்கலாம். நேர்த்தி அரைகுறையாகிவிடுமோ என்பது மருத்துவனிடம் கேட்கும் கேள்வி அன்று. ஆயினும், அன்னதானக் கந்தன் என்று பெயர் எடுத்த சந்நிதியான் பஸ் ரிக்கற்றைக் கணக்குப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாளுக்கு எவ்வளவு தூரம் என்பதை ஊரிலேயே அளந்துகொள்ளுங்கள். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே கிழமைக்கு நான்கு நாள் இருவரும் நடந்து பாருங்கள். நடந்த அன்று மாலை வரும் களைப்பைப் பொருட்படுத்த வேண்டாம். மறுநாள் காலை அவர் வழமைபோல் எழும்பி, தானாகச் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறாரா என்று பாருங்கள். பூட்டினால் அந்தத் தூரம் அவருக்கு ஆகும். பொத்தானில் விரல் தடுமாறினால் முந்திய நாள் தூரம் கூடிவிட்டது, குறையுங்கள்.

யாத்திரையில் எல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கும். இரவு முழுவதும் மருந்தில்லாமல் இருந்த உடம்பு அந்நேரம் மரக்கட்டையாக இருக்கும். எனவே முதற்குளிசையைப் போட்டு, அது வேலை செய்யத் தொடங்கியபின் புறப்படுங்கள். கூட்டம் முன்னால் போனால் போகட்டும். லெவோடோப்பா குடலில் உறிஞ்சப்படும்போது புரதம் அதற்குப் போட்டியாக நிற்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணிக்கு மேல் கழித்தோ எடுப்பது நல்லது. அன்னதானத்தில் பந்தி எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குளிசை மணிக்கூட்டைப் பின்பற்றட்டும், பருப்பையும் தயிரையும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவையுங்கள். குளிசைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை அவரிடமும் மற்றதை உங்களிடமும் வைத்திருங்கள். மூட்டை ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுவிட்டால் வெயிலில் கெட்டுப்போகலாம், பெட்டி வேறு மடத்துக்கும் போய்விடலாம். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

வாந்தி வந்து வழியில் முதலுதவிக்குப் போனால், ஊசி போடுமுன் இவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொல்லுங்கள். வாந்திக்கு வழமையாகக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட்டும் புரோகுளோர்பெரசினும் டோபமினைத் தடுப்பவை; நோயை ஒரே இரவில் மோசமாக்கிவிடும். இந்த இரண்டு பெயரையும் ஒரு கடதாசியில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சோளகமாக வீசும் தென்மேற்குக் காற்று மட்டக்களப்புப் பக்கம் கச்சானாகச் சுடும். இந்நோயில் வியர்வையும் இரத்த அழுத்தமும் ஒழுங்காக இராமையால், இருந்து எழும்பும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். எனவே தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். மலச்சிக்கலுக்கும் அதுதான் மருந்து. குதியைப் பிடிக்கும் வாருள்ள செருப்பு அவசியம். வெறுங்காலோடு சூடான தாரில் நடப்பதை மற்றவர்கள் செய்யட்டும்.

கால் நிற்கும்போது இழுக்காதீர்கள். அவர் ஏசுவது சரிதான். இழுத்தால் உடம்பு முன்னே வரும், பாதம் வராது, முகம் அடிபட விழுவார். பல ஆண்டுகளுக்கு முன் உகந்தை மலையடியில் ஒரு தம்பதியைக் கண்டேன். கணவர் மணலில் நின்றுவிட்டார். மனைவி அவரைத் தொடவே இல்லை. கையிலிருந்த பூவரசந்தடியால் அவருடைய பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஒரு கோடு கீறி, "தாண்டுங்கோ" என்றார். அவர் கோட்டைப் பார்த்தார். உடம்பை இடமும் வலமும் ஒருதரம் அசைத்தார். காலைத் தூக்கித் தாண்டினார். அதன்பின் நடை தொடர்ந்தது. மருத்துவப் புத்தகம் சொல்வதும் இதைத்தான்: தன்னியக்கமாக நடக்கும் வழி மூளையில் அடைபட்டிருக்க, கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடோ, காதுக்குக் கேட்கும் ஒரு தாளமோ வேறு வழியைத் திறந்துவிடும். காவடிப் பாட்டின் தாளத்துக்கு அடிவைக்கச் சொல்லிப் பாருங்கள். நெருக்கமான இடத்திலும் திரும்பும்போதும் அவரோடு கதை கொடுக்காதீர்கள். நடப்பதும் கதைப்பதும் ஒரே நேரத்தில் அவருக்கு இரண்டு வேலை.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவருடைய வயது இருக்கிறது, குளிசை இருக்கிறது, கையும் காலும் இருக்கின்றன. உங்கள் வயதுகூட இல்லை. நேர்ந்தது இருவரும் அல்லவா? உங்கள் முழங்கால் எப்படி, சீனி, பிரஷர் எப்படி, இரவில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க எத்தனை தரம் எழும்புகிறீர்கள்? புறப்படுமுன் நரம்பியல் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போகும் அன்றே நீங்களும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். கணவருடைய தாமதமான அடிக்கு ஏற்பத் தன் நடையை நாள்முழுதும் அடக்கிக்கொண்டு, விழுவாரோ என்று ஒரு கண்ணை அவர் மீது வைத்திருப்பவருக்கு வரும் களைப்பு தனியாக நடப்பவரின் களைப்பிலும் பெரியது. காலையில் ஒரு மணி நேரமாவது ஊரவர் ஒருவர் அவரோடு நடக்க, நீங்கள் உங்கள் வேகத்தில் முன்னே போங்கள். "இன்று போதும்" என்று யார் சொன்னாலும் மற்றவர் வாதாடுவதில்லை என்று சந்நிதியிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை முதலில் சொல்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோப்பாயிலிருந்து இருவரும் நடந்தே போவது எங்கள் வழக்கம். இந்த முறையும் விடமாட்டேன் என்கிறார்.
– வாசகர், கோப்பாய்

பதில்: நடை நல்லது ஐயா, கீமோவால் வரும் களைப்பு படுத்திருப்பதால் கூடுமே தவிரக் குறையாது. கூட்டந்தான் பிரச்சினை. மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் அளவில் வெண்குருதிக் கலங்கள் வழமையாக மிகக் குறைந்திருக்கும். அந்தக் கிழமையில் வீட்டு ஒழுங்கையிலும் தோட்டப் பக்கமும் நடவுங்கள். மூன்றாங் கிழமையில், அவருடைய மருத்துவர் சம்மதித்தால், சனம் குறைந்த நேரம் பார்த்துப் போய் வரலாம். தேர், சப்பறம் இரண்டையும் இந்த ஆண்டு தொலைக்காட்சியில் பாருங்கள். வீதியில் வெட்டிவைத்த பழமும் சர்பத்தும் வேண்டாம். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பரசிற்றமோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நடுக்கம் உள்ளவர் பாத யாத்திரையில் ஊன்றுகோலுக்குப் பதிலாக முருகனின் வேலாயுதத்தையே ஊன்றி நடக்கலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வேலாயுதத்தைக் கூட நடப்பவரிடம் கொடுங்கள். ஊன்றுகோலின் பிடி, கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு அளவுக்கு வரவேண்டும். வேல் அதைவிட உயரம். கோலின் அடியிலுள்ள றப்பர் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றுங்கள், இன்னொன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.