லாரி ஷெட்டு வேலையா என்று கேட்கும் அப்பாவுக்கு

தம்பி, பி.காம். முடித்த உங்களுக்குப் புதுச்சேரி சேதராப்பட்டு குடோன் ஒன்றில் டிஸ்பாட்ச் வேலை, அதாவது சரக்கை லாரியில் அனுப்பிவைக்கும் வேலை, கிடைத்திருக்கிறது. ‘லாரி ஷெட்டுக்குப் போகவா படிக்க வைத்தேன்’ என்கிறார் அப்பா. வங்கித் தேர்வுக்கே இன்னொரு வருடம் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதே வேலைக்குச் சேர்ந்தபோது என் வீட்டிலும் இதே பேச்சுதான். சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை இந்த வேலை யார் கண்ணிலும் படாது. வராத அன்றுதான் ஊரே போன் செய்யும். அப்பா கண்ணில் படுவது ரோட்டில் நிற்கும் லாரி மட்டுமே.

சேதராப்பட்டிலிருந்து கடலூர் சிப்காட் நமக்குப் பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம்! மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி வரி போட வேண்டும், சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்கிற ஆன்லைன் அனுப்புச் சீட்டு எடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் அதில் வேறு லாரியின் எண்ணைப் பதிந்துவிட்டேன். சோதனையில் மாட்டி வண்டி சாயங்காலம்வரை ரோட்டோரம் நின்றது. டிரைவர் அண்ணன் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பி.காம். படித்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

சரி, சேரும் முன் ஒன்று கேளுங்கள்: பில்லும் இருப்புக் கணக்கும் உங்கள் கைக்கு வருமா, கேட்டில் நின்று பெட்டி எண்ணுவது மட்டும்தானா? பெட்டி எண்ணுவதுதான் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்காதீர்கள். மாதக் கடைசியில் வீடு திரும்ப இரவு பத்தாகும், அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வங்கித் தேர்வையும் விட வேண்டாம், அதிகாலையில் படிக்கலாம்.